மிஷன் வீதியின் வரலாறு முழுமையாகச் சொல்லப்பட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா பேராலயத்தின் டிசம்பர் 8 பெருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து வருவோர், மிஷன் வீதியில் நின்று முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தாங்கள் நிற்கும் வீதி எத்தனை முறை அழிந்து எழுந்தது என்பதையும் அவர்கள் அறிந்து செல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

இயேசு சபைக் குருக்கள் 1692-இல் இங்கு கட்டிய முதல் கோயில், மறு ஆண்டே டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றியபோது இடிபட்டது. பின்னர் எழுந்ததை 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரோடு சேர்த்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்றுள்ள கட்டடம் 1791-இல் நிறைவுற்றது.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது, அக்காலத்தில் இங்கு பிரெஞ்சு ஆளுநரின் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கும் இரண்டு செய்திகள். சம்பாக் கோயில் என்று ஊரார் இன்றும் அழைக்கும் இக்கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களைத் தனியே பிரித்துவைக்க ஒரு சுவர் இருந்தது; அவர்கள் குருவிடம் நியாயம் கேட்டதன் பேரில் 1745-இல் அது இடிக்கப்பட்டது. கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில், துய்ப்ளேக்சு பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1748-இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது தகர்க்கப்பட்டது. முதலாவது இவ்வீதிக்குப் பெருமை, இரண்டாவது தீராத வருத்தம். யாரையும் குறைசொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது இவ்வீதியில் அடுத்தடுத்து வாழ்ந்துவரும் இரு சமயத்தாருக்கும் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

வீடுகளின் நிலையோ கவலை தருகிறது. தெருவில் போவோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்காக முன்னோர் விட்ட தாழ்வாரங்களின் மரத்தூண்களில் கடைப் பலகைகளை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். இரும்புக் கதவு இறக்குவதற்காகத் திண்ணையைப் பாதியில் வெட்டியிருக்கிறார்கள். இதே ஊரில் வைசியாள் வீதியின் தமிழ் வீடுகள் சீரமைக்கப்பட்டு, 2008-இல் யுனெஸ்கோ விருதும் பெற்றிருக்கும்போது, மிஷன் வீதியில் மட்டும் அது இயலாது என்று சொல்வதற்கில்லை.

எனவே, மேற்கண்ட செய்திகளை ஆண்டு வாரியாகத் தமிழில் எழுதிய கல்வெட்டு ஒன்றைப் பேராலயத்தின் எதிரே, நடந்து செல்வோர் நின்று படிக்கும் உயரத்தில், சுற்றுலாத் துறையும் நகராட்சியும் இணைந்து நிறுவ வேண்டும். எஞ்சியுள்ள திண்ணை வீடுகளைக் கணக்கெடுத்து, அவற்றைப் பழுதுபார்க்க முன்வரும் உரிமையாளர்களுக்கு நிதியுதவி அளிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மிஷன் வீதி வாசகர்,
புதுச்சேரி.