ஒருத்தரும் ஒன்றும் செய்யாத வசனத்தில் வேர்ப் எது?

வன்னியில் ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும், ரியூசன் கொட்டில்களில் பாடம் எடுக்கிறவர்களுக்கும், தவணைப் பரீட்சைத் தாள் தயாரிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். நான் ஆங்கில ஆசிரியன் இல்லை. மல்லாவிப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் உங்களில் பலருடைய பயிற்சித் தாள்கள் என் மெஷினுக்குள்ளால்தான் போய் வருகின்றன. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் என் கடை வாங்கில் குந்தியிருந்துதான் அடுத்த நாள் வீட்டுவேலையைச் செய்கிறார்கள். அதனால், தாளைக் கொடுத்த பிறகு பிள்ளை அதோடு என்ன பாடு படுகிறது என்பதை உங்களைவிட நான் அதிகம் பார்க்கிறேன்.

போன கிழமை என் அக்காவின் மகள், தரம் 6 படிக்கிறவள், ஒரு தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வசனத்தில் வேர்ப்பை, அதாவது வினைச்சொல்லை, கண்டுபிடித்து அடியில் கோடு கீறவேண்டும். முதல் மூன்றும் சுகம்: ஒருவன் ஓடுகிறான், ஒருத்தி சாப்பிடுகிறாள், பிள்ளைகள் பாடுகிறார்கள். நாலாவது, 'ஷீ இஸ் எ நேர்ஸ்'. பேனையைக் கடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "மாமா, இதில ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையே!" என்றாள். கடைசியில் 'நேர்ஸ்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு விழுந்தது. ஏனம்மா என்று கேட்டேன். "நேர்ஸ்தானே ஊசி போடுறவ."

அடுத்தது 'த வோக் வோஸ் லோங்'. இதற்கு யோசிக்கவே இல்லை, 'வோக்' என்றதுக்கு அடியில் இழுத்துவிட்டாள், நடக்கிறது செயல்தானே. அடுத்த நாள் இரண்டுக்கும் சிவப்புப் பேனையால் பிழை போட்டு வந்தது, பக்கத்தில் ஒரு சொல் விளக்கம் இல்லை. கொப்பியின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், அங்கே கொட்டை எழுத்தில் வரைவிலக்கணம் இருக்கிறது: 'எ வேர்ப் இஸ் எ டூயிங் வேர்ட்'. செயலைச் சொல்லும் சொல். அதை நம்பித்தானே பிள்ளை செயலைத் தேடிப் போனாள்? இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த வரைவிலக்கணத்திலேயே இருக்கிற வேர்ப் 'இஸ்', அது ஒரு செயலும் செய்யவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்த 'இஸ்' ஏன் கண்ணில் படுவதில்லை என்று நான் யோசித்துப் பார்த்தேன். அவர்கள் வசனத்தை மனதுக்குள் தமிழாக்கிவிட்டுத்தான் தேடுகிறார்கள். 'அம்மா நேர்ஸ்' என்றால் தமிழில் வசனம் முடிந்தது, அதற்குள் வினைச்சொல்லே இல்லை, பெயர்ப் பயனிலை என்று நீங்களே பக்கத்து வகுப்பில் படிப்பிக்கிறீர்கள். 'ஆவார்' என்று ஒன்றை ஒட்டவைத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் உண்டு, ஆனால் எந்தப் பிள்ளையும் வீட்டில் 'அம்மா தாதி ஆவார்' என்று பேசுவதில்லை. தமிழில் இல்லாத ஒரு சாமானை ஆங்கிலத்தில் தேடு என்று அனுப்பினால் கண்டுபிடிக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது? தரம் 3இலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம், மூன்று வருடம் படித்துவிட்டு வந்தவள் இதில் வந்து நிற்கிறாள் என்றால் பிழை அவளில் இல்லை.

சரி, வேறென்ன செய்யலாம்? விடை எங்கள் கையிலேயே கிடக்கிறது. வினை என்பது வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும் என்று தொல்காப்பியர் வினையியலைத் தொடங்கும்போதே சொல்லிவிட்டார். அவர் செயலைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, காலத்தைப் பிடித்தார். தமிழ்ப் பாடவேளையில் 'வினை காலம் காட்டும்' என்று எழுதுகிற அதே பிள்ளை மணி அடித்து ஆங்கில ரீச்சர் வந்ததும் அதை மூடிவைத்துவிட்டுச் செயலைத் தேடத் தொடங்குகிறது. இரண்டு பாடத்துக்கும் நடுவில் ஒரு சுவர் கட்டி வைத்திருக்கிறோம், யாருக்காக என்று தெரியாது.

அன்றைக்குப் பின்னேரம் மருமகளுக்கு நான் இதைத்தான் செய்து பார்த்தேன். 'த பஸ் ஸ்டொப்ஸ் அட் முறிகண்டி' என்று ஒரு வசனம் எழுதினேன் (முறிகண்டியில் பஸ் நிற்கும், பிள்ளையாரும் கச்சானும் தெரியாத பிள்ளை இங்கே இல்லை). அதற்குக் கீழே 'த பஸ் ஸ்டொப் இஸ் நியர் த கோவில்'. இரண்டிலும் 'ஸ்டொப்' இருக்கிறது. இப்ப இதை நேற்று நடந்ததாகச் சொல் என்றேன். முதலாவது 'ஸ்டொப்ட்' ஆனது. இரண்டாவதில் 'ஸ்டொப்' அசையவில்லை, 'இஸ்' போய் 'வோஸ்' வந்தது. அவளே கத்தினாள், "இதுதான் மாறுது!" பிறகு பிழை போட்ட தாளை எடுத்து 'த வோக் வோஸ் லோங்' என்பதை இன்றைக்குக் கொண்டுவந்தாள், 'வோக்' அப்படியே நின்றது, 'வோஸ்' தான் 'இஸ்' ஆனது. 'ஐ வோண்ட் டு கோ' என்பதில் 'கோ' தான் வேர்ப் என்று அடித்துச் சொன்னவள், 'வோண்டட்' என்று மாற்றிப் பார்த்துவிட்டுத் தானே கோட்டை அழித்து 'வோண்ட்' க்குக் கீறினாள்.

இந்த வழியும் எல்லா இடத்திலும் ஓடாது என்பதை மறைக்கமாட்டேன். 'தே புட் த பேக்ஸ் ஹியர்' என்பதை நேற்றுக்குக் கொண்டுபோனாலும் 'புட்' அப்படியே நிற்கும், 'கட்' என்பதும் அப்படித்தான். அப்போது நாளைக்கு அனுப்பிப் பார்க்கலாம், 'வில்' வந்து எந்தச் சொல்லுக்கு முன்னால் குந்துகிறதோ அது. இல்லாவிட்டால் 'தே' யைத் தூக்கிவிட்டு 'ஹீ' யைப் போட்டால் வாலில் ஒரு 'ஸ்' முளைக்கும். இதெல்லாம் நீங்கள் அறியாததா? அறிந்ததைத் தாளில் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, இது என் மெஷின் கண்ட உண்மை. 'ஷீ இஸ் கோயிங்' என்ற வசனத்துக்கு ஒருவர் தருகிற விடைத்தாளில் 'கோயிங்' க்கு மட்டும் கோடு, இன்னொருவர் தருகிறதில் 'இஸ் கோயிங்' இரண்டுக்கும் கோடு. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன் என்று இரண்டு இடத்திலும் படிக்கிற பிள்ளை ஒரே வசனத்துக்கு ஓரிடத்தில் சரியும் மற்ற இடத்தில் பிழையும் வாங்குகிறது. காலம் காட்டுகிறது 'இஸ்', பொருள் தருகிறது 'கோயிங்', இரண்டும் சேர்ந்துதான் அங்கே வினை, ஆகையால் இரண்டுக்கும் கீறுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் வேறு மாதிரி நினைத்தாலும் பரவாயில்லை, எதைக் கேட்கிறீர்கள் என்று தாளின் தலைப்பில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

 

கேட்பது இரண்டே விஷயம். அந்த வரைவிலக்கணத்துக்குக் கீழே 'காலத்தை மாற்று, மாறுகிற சொல்லைப் பிடி' என்பதையும் எழுதிக்கொடுங்கள். பிழை போடும்போது எந்தச் சொல் சரி என்று ஒரு சின்னக் கோடாவது சிவப்பால் கீறிவிடுங்கள், திருப்பி வருகிற தாளைப் பார்த்துத்தான் பிள்ளை படிக்கப்போகிறது.

ஸ்டொப்பும் வோக்கும் போல இரண்டு வேடம் போடுகிற சொற்களைச் சோடி சோடியாக வைத்து யாராவது ஒரு பக்கத்துக்குப் பயிற்சி எழுதிக்கொண்டு வந்தால், ஒரு வகுப்புக்கு வேண்டிய கொப்பி காசில்லாமல் அடித்துத் தருகிறேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள், அதற்கு முதல் வாங்கில் இடம் இருக்காது.

இப்படிக்கு,
கடைக்கார மாமா