மேட்டு வயலுக்குச் சவுக்குதான் தாயி

தாயி,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே. மேட்டு வயலில் தைலமரம் போடுங்கப்பா, ஒரு தடவை நட்டால் போதும் என்று நீ சொன்னதை ராத்திரியெல்லாம் யோசித்தேன். போனில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரிதான். தைலமரம் வெட்ட வெட்டத் தூரிலிருந்து தழையும், இரண்டு மூன்று வெட்டுக்கு மறுநடவுச் செலவே இல்லை. நம்ம ஊர்ச் சவுக்கு அவ்வளவாகத் துளிர்க்காது, மறுபடி நாற்று வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தத் தூர்தான் எனக்குப் பயம். நாளைக்கே நெல் போடலாம் என்று மனசு மாறினால் ஜேசிபி வைத்துத்தான் தோண்ட வேண்டும். அப்புறம் நம்ம கிணறு. மேலூர்க் கடைமடையில் பெரியாறு தண்ணீர் வந்தால்தான் உண்டு, நெருக்கி நட்ட தைலமரமோ ஆழத்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சவுக்குக் கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். கடலைச் செடி வேரில் முடிச்சு இருக்குமே, அது மாதிரி, ஆனால் இன்னும் பெருசாக, கொத்துக் கொத்தாக இருந்தது. அதற்குள் இருக்கிற ஃப்ராங்கியா என்கிற நுண்ணுயிர் காற்றிலிருக்கிற தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறதாம். கரும்பு போட்டுப் போட்டு அசந்துபோன மண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லு.

3, 4 வருஷத்தில் வெட்டலாம். கரூர் காகிதபுரம் ஆலையில் கரும்புச் சக்கையோடு மரக்கூழும் சேர்த்துத்தான் காகிதம் செய்கிறார்கள், தைலமரம், சவுக்கு இரண்டையும் எடுக்கிறார்கள், மணப்பாறைப் பக்கமும் அவர்களுக்கு ஆலை இருக்கிறது. அங்கே விலை படுத்தால் சவுக்கு சாரத்துக்குப் போகும், பந்தல்காலுக்குப் போகும், விறகுக்குப் போகும். உன் கல்யாணத்துக்குச் சமையல்காரர் சவுக்கு விறகுதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார், ஞாபகமிருக்கிறதா? கனல் அப்படி நின்று எரியும்.

மலைவேம்பு பிளைவுட்டுக்குப் போனால்தான் நல்ல காசு, அதற்கு 6, 7 வருஷம் பொறுக்க வேண்டும், லேசான கட்டை என்பதால் அடுப்பில் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். சூபாபுல் மரம் வேண்டவே வேண்டாம், விதை சிதறி வயலெல்லாம் முளைக்கும்.

ஐந்தடிக்கு ஐந்தடி வைத்தால் ஏக்கருக்கு 1,700 கன்றுக்கு மேல் பிடிக்கும். முதல் வருஷம் தண்ணீர் காட்ட நான் இருக்கிறேன். இந்த வாரத்துக்குள் சரி என்று சொன்னால் நாற்றுக்கு முன்பணம் கொடுத்துவிடுவேன், ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எடுத்தாக வேண்டும்.

அப்பா