புதிய தண்ணீர்த் தொட்டி: பணம் முதலில், கான்கிரீட் பிறகு

அனைவருக்கும் வணக்கம்.

குடியிருப்பு வளர்ந்துகொண்டே போகிறது. தொட்டி மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. காலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும்போது கடைசித் தெருவில் காற்றுதான் வருகிறது. நள்ளிரவில் அதே குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. இரவில் கிடைப்பதைக் காலைவரை பிடித்துவைக்க இடமில்லை என்பதுதான் நம் சிக்கல். அதனால் மூடிய கான்கிரீட் தொட்டி ஒன்றைக் கட்டக் குழு முடிவு செய்திருக்கிறது. அதற்கு உங்கள் நன்கொடையைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

இன்று இருப்பவர்களுக்குப் போதுமான அளவில் கட்டினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்கு 1 லட்சம் லிட்டர் வேண்டும். 6 மீட்டர் விட்டமும் 3.5 மீட்டர் நீர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி ஏறத்தாழ அவ்வளவு கொள்ளும். ஆனால் குடியிருப்பு வளர்வதால் அது நாளைக்குப் போதாது. ஆழத்தை மாற்றாமல் விட்டத்தை இரட்டித்தால் கொள்ளளவு நான்கு மடங்காகும். சுவர் தடிக்கும், தரையும் கூரையும் பெரிதாகும் என்பது உண்மைதான். ஆனாலும் நான்கு சிறு தொட்டிகளுக்கான இடம், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் அச்சு), குழாய், வால்வு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரே தொட்டிதான் சிக்கனம். நடுவே தடுப்புச் சுவர் வரும். ஒரு பாதியைக் கழுவும் நாளிலும் மறு பாதியிலிருந்து தண்ணீர் விடலாம்.

இனி பணத்துக்கு வருவோம். வீடு கட்டும்போது கையில் காசு வரவர ஒவ்வோர் அறையாகக் கட்டலாம். தண்ணீர்த் தொட்டியில் அது நடக்காது. தொட்டியின் தரையைப் பாதியில் நிறுத்தி, மறுநாள் மீதியைப் போட்டால், பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் கோட்டில்தான் கசிவு தொடங்கும். தவிர்க்க முடியாத இணைப்புகளில் நீர்த்தடுப்புப் பட்டை பதித்துத்தான் மேலே கட்ட வேண்டும். வெளியே நீட்டிய கம்பியை மாதக்கணக்கில் மழையில் விட்டால் துரு ஏறும். எனவே கம்பி, சிமெண்ட், ஆள்கூலி மூன்றுக்கும் முழுப் பணம் சேர்ந்த பிறகே அடித்தளத்தில் கை வைப்போம். கொஞ்சம் பிடிவாதம்தான், பாதியில் நிற்கும் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

பொருளாகத் தர விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. ஜல்லி, கழுவிய மணல், துருவேறாத புதிய கம்பி ஆகியவற்றைப் பொறியாளர் பார்த்துச் சம்மதித்தால் பெற்றுக்கொள்வோம். வீட்டில் மீந்த சிமெண்ட் மூட்டை வேண்டாம். மூன்று மாதம் கிடந்தாலே ஈரத்தை இழுத்துச் சிமெண்டின் வலு குறையும். மனம் கோணாதீர்கள். உழைப்பாகத் தருவதும் நன்கொடையே. கான்கிரீட் போட்ட பிறகு அதை நாள்தோறும் நனைத்துக்கொண்டே இருக்க ஆட்கள் வேண்டும். பிள்ளைகளின் படிப்பு கெடாத நேரமாகப் பார்த்து முறை போட்டுக்கொள்ளலாம்.

கட்டி முடித்ததும் தொட்டியை மெதுவாக நிரப்பி, சில நாள் அப்படியே விட்டு, மட்டம் இறங்குகிறதா என்று அளப்போம். அந்தச் சோதனையில் தேறும்வரை ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை கிடையாது. பிறகு குளோரின் கலந்து கழுவி, அந்த நீரை வெளியேற்றிய பின்பே விநியோகம். திறப்பு விழாவுக்கு இந்தப் பணத்திலிருந்து ஒரு காசும் எடுக்க மாட்டோம். கொடுத்த தொகையைப் பொறுத்துப் பெயரைப் பெரிதாகவும் சிறிதாகவும் பொறிக்கும் வழக்கமும் இங்கே இருக்காது.

ஒரே தொகையாகத் தர இயலாதவர்கள், வேலை தொடங்குவதற்குள் முடியும்படி தவணை சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறோம். வரவு செலவு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யாரிடம் பணம் கொடுத்தாலும், அவர் குழு உறுப்பினராகவே இருந்தாலும், ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

இப்படிக்கு,
தண்ணீர்த் தொட்டிக் கட்டுமானக் குழு