வரைபடமும் காம்பஸும் கற்றுக்கொடுங்கள்: மும்பை மலையேற்றக் குழுக்களுக்குத் திறந்த மடல்

வாராவாரம் மும்பையிலிருந்து சஹ்யாத்ரி எனும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு ஆள் திரட்டிச் செல்லும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

போன மழைக்காலத்தில் ஹரிச்சந்திரகட் மலைக்கோட்டையில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். எந்தக் குழு என்று சொல்லப்போவதில்லை. எந்தக் குழுவுக்கும் நடக்கக்கூடியதுதான்.

கீரேஷ்வர் கிராமத்திலிருந்து தோலார் கிண்ட் கணவாய்க்கு வந்து, கம்பி பிடித்து ஏறும் பாறையைத் தாண்டியதும் மேகம் இறங்கி மூடிக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. வழிகாட்டித் தம்பியிடம் இருந்தது ஒரு போன்தான். மழை விழ விழ அவர் தொட்டது ஒன்று, திறந்தது வேறொன்று. துடைக்கலாம் என்றால் சட்டையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மேலே எல்லாம் ஒரே மாதிரி குன்றுகள். மாடு போன தடமும் பாதை மாதிரியே இருக்கும். என் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்த மகள், "அம்மா, இந்தக் கல்லை முன்னாடியே பார்த்தோமே" என்றாள். ஆமாம், பார்த்திருந்தோம். நாங்கள் போய்ச் சேரவேண்டிய கோயில் அங்கிருந்து மேற்கே. கோயிலைத் தவறவிட்டு அதே திசையில் போனால் கோகண்கடா, உள்வாங்கிய செங்குத்துப் பாறை. எங்கள் கூச்சல் கேட்டு வந்த ஊர்ப் பெரியவர்தான் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வழிநடத்துபவர் கையில் நனையாத உறையில் ஒரு டோப்போஷீட்டும் (மேடுபள்ளம் காட்டும் வரைபடம்) கழுத்தில் ஒரு காம்பஸும் (திசைகாட்டி) இருக்கவேண்டும். அவற்றைப் பார்க்க எங்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடங்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், நெருங்கி ஒட்டிக்கொண்டால் அங்கே செங்குத்துச் சரிவு. மும்பைப் பக்கம் காம்பஸ் முள் காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடத்தின் மெய்வடக்குக்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசம் வராது. புதிதாகக் கற்பவருக்கு அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போடும் வேலையும் மிச்சம். இரும்புக் கம்பிக்கும் போனுக்கும் தள்ளி நின்று முள்ளைப் பார்க்கவேண்டும் என்பதை யாராவது ஒருமுறை சொன்னால் போதும்.

டி-ஷர்ட் தருகிறீர்கள், ட்ரோன் படம் எடுக்கிறீர்கள், சான்றிதழும் கொடுக்கிறீர்கள். வழி தவறினால் எப்படித் திரும்புவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. பள்ளியிலும் இதே கதைதான்: சமஉயரக் கோடு ஐந்து மதிப்பெண் கேள்வி, மலையில் வைத்து யாரும் காட்டியதில்லை. வழி தவறியவர்களைத் தேடி இரவெல்லாம் அலைவது அந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள்?

தயவுசெய்து அடுத்த மழைக்கு முன், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாழ்வான குன்று ஒன்றில் வரைபட வகுப்பு நடத்துங்கள். கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்தால் முதலில் நானும் மகளும் பெயர் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து ஒரு தாய்