இடக்கைக்கு ஏற்ற வேட்டைத் துவக்கு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும் அதனுடன் வைத்திருந்த கடைப் பட்டியலின் பக்கங்களும் கிடைத்தன. இங்கு எல்லோரும் சுகம். மாரி மழை இம்முறை குறைவில்லாமல் பெய்து கிணறுகள் நிறைந்துவிட்டன. வெங்காயம் நட்டவர்கள் மட்டும் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறதென்று முணுமுணுக்கிறார்கள். மான் வேட்டைக்கு, இடக்கையருக்கு ஏற்றதும் ஸ்கோப் எனும் குறிபார்க்கும் தொலைநோக்கியுடன் வருவதுமான றைபிள் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர். கனடாவில் நீர் துவக்கு வைத்திருப்பதற்கான உரிமத்தையும் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழையும் பெற்றுவிட்டீர் என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு துவக்கு வாங்குவது பற்றி ஆலோசனை எழுதுவது சற்று வில்லங்கமான காரியந்தான். முன்னைய காலமாயிருந்தால் இந்தக் கடிதம் உம்மிடம் வந்து சேருமுன் என்னைத் தேடி யாராவது படலையடிக்கு வந்திருப்பார்கள். நீர் குறிப்பிட்ட றைபிள்களில் ஒன்றையேனும் நான் கையில் எடுத்துப் பார்த்தவனல்லன். எனினும் சீமெந்துத் தொழிற்சாலைப் பட்டறையில் லேத் மெசினோடு காலந்தள்ளியவன் என்பதாலும், அந்த மெசினின் பிடிகள் எல்லாம் சோற்றுக்கைக்காரருக்கென்றே வைக்கப்பட்டிருப்பதை உம்மைப் போலவே இடக்கையனாக இருந்து அனுபவித்தவன் என்பதாலும், பொறிமுறை பற்றி நாலு வார்த்தை எழுதத் துணிகிறேன்.

ஒட்டுசுட்டானில் பன்றிக் காவலுக்கென்று உமது அம்மான் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) ஆண்டுதோறும் அனுமதி புதுப்பித்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கை நீர் எந்தச் சிரமமுமின்றி இடத்தோளில் வைத்துப் பிடித்தீர். நடுவில் மடித்துத் திறந்து, தோட்டாவை இட்டு மூடும் அந்த வகைத் துவக்குக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. ஒவ்வொரு சூட்டுக்கும் பூட்டுத்தண்டை, அதாவது போல்றை, கையால் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ற் றைபிள் அப்படிப்பட்டதன்று. அதன் கைபிடி ஒரு பக்கத்தில்தான் நீட்டிக்கொண்டிருக்கும். சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கோதும் அந்தப் பக்கமாகவே வெளியே வரும். வலப்பக்கப் போல்ற் உள்ள றைபிளை இடத்தோளில் வைத்துச் சுடுபவர், அடுத்த தோட்டாவை ஏற்றுவதற்கு விசையிலிருந்து இடக்கையை எடுத்து, ஸ்கோப்புக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அல்லது முன்புறத்தைத் தாங்கியிருக்கும் வலக்கையை விட்டுவிட வேண்டும். இரண்டிலும் கன்னம் பிடங்கிலிருந்து (துவக்கின் பிடிக்கட்டையிலிருந்து) விலகும். ஸ்கோப்பில் பிடித்து வைத்திருந்த மானும் பார்வையிலிருந்து போய்விடும். அந்தக்காலப் பொலிஸாரின் தோளில் நாம் கண்ட லீ என்பீல்ட் றைபிளும் வலக்கைக்கென்றே செய்யப்பட்டது. இடக்கைச் சிப்பாய்களை வலத்தோளில் சுடப் பழக்கினார்களே தவிர, அவர்களுக்கென்று றைபிளை மாற்றவில்லை. ஆகவே, விலை குறைவாகக் கிடைக்கிறதென்று வலக்கை றைபிள் ஒன்றை வாங்கிச் சமாளிக்கலாம் என்று நீர் எழுதியதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சோதித்துக்கொள்ளும். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்று சார்த்தி, பெருவிரல்களுக்கிடையில் ஒரு சிறு துவாரம் விட்டு, இரு கண்களையும் திறந்தபடியே தூரத்தில் உள்ள ஒரு கம்பத்தை அந்தத் துவாரத்தினூடாகப் பாரும். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடும். எந்தக் கண்ணை மூடும்போது கம்பம் மறைகிறதோ, அதுவே உமது வலிமையான கண். அது இடக்கண்ணாக இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். எழுதுவதும் எறிவதும் இடக்கையால், குறிபார்ப்பது மட்டும் வலக்கண்ணால் என்று சிலருக்கு அமைந்துவிடுகிறது. அப்படியானால் புதிதாகப் பழகுபவர் என்ற வகையில் வலத்தோளிலேயே பழகிவிடலாமா என்று பயிற்சி தந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

இனி, நீர் அடையாளமிட்ட மூன்றைப் பற்றி. பின்லாந்தில் சாக்கோ நிறுவனம் செய்யும் ரிக்கா ரி3எக்ஸ் மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. கனடாவின் வடபகுதிகளில் காவல் செய்யும் றேஞ்சர்களுக்கு லீ என்பீல்டுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்ட சி19 றைபிளும் இதன் அடிப்படையில் ஆனதுதான். அதன் போல்ற் 70 பாகை உயர்ந்தாலே திறந்துவிடும். ஆயினும் அதன் விலையில் ஸ்கோப் அடங்காது. அதையும் அதைப் பூட்டும் மவுண்டையும் வாங்கி முடிக்கும்போது நீர் சொன்ன தொகை எங்கோ பின்னால் நின்றுவிடும். றூகர் அமெரிக்கன் நல்ல நடுத்தரம். அதிலும் இடக்கை வடிவம் உண்டு, போல்றும் 70 பாகைதான். ஆனால் ஸ்கோப்புடன் வரும் தொகுப்பாக இடக்கைக்கு நீர் கண்டது சவேஜ் அக்ஸிஸ் II எக்ஸ்பி ஒன்றையே. உமது தேவைக்கு அதுவே போதுமென்பது என் எண்ணம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பட்டறைக்காரன் மனத்துக்குப் பிடித்த இடம் இதுதான்.

தோட்டா உட்காரும் அறைக்கும் போல்றின் முகத்துக்கும் இடையிலுள்ள அளவு மயிரிழை பிசகினாலும் றைபிள் பாதுகாப்பாகவும் இராது, குறியும் தவறும். பெரும்பாலான றைபிள்களில் குழலின் தோளைக் கடைந்து கடைந்து அந்த அளவுக்குக் கொண்டுவருவார்கள். அதற்குத் தேர்ந்த கையும் நேரமும் வேண்டும், அதற்கான கூலி விலையில் ஏறும். நிக்கலஸ் புரூவர் என்பவர் வடிவமைத்து 1958-இல் வெளிவந்த சவேஜ் 110 இந்த வேலையைச் சுருக்கிவிட்டது. குழலைத் திருகி, அளவுகோல் தோட்டா ஒன்றை உள்ளே வைத்து, போல்ற் சரியாக அதில் முட்டும் இடத்தில் ஒரு பெரிய நட்டை இறுக்கிவிட்டால் அளவு அமைந்துவிடும். அத்தோடு போல்றின் தலை தனித்துண்டாக, மிகச் சிறிதளவு அசையக்கூடியதாக இருப்பதால், பூட்டும் காதுகள் இரண்டும் தாமாகவே சமமாகப் பதிகின்றன. அக்ஸிஸ் இதே முறையில் செய்யப்பட்ட மலிவான தம்பி. விலை குறைந்ததற்குக் காரணம் குழலில் மிச்சம்பிடித்தது அன்று, வேலையில் மிச்சம்பிடித்ததே. அதனால்தான் விலைக்கு மிஞ்சிய குறி தருகிறதென்று அதை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள்.

மிச்சம்பிடித்ததைக் காட்டிக்கொடுக்கும் இடம் பிளாஸ்ரிக் பிடங்கு. அதன் முன்பகுதி மெல்லியது. கையால் அழுத்தினால் வளையும். மணல் மூட்டையில் வைத்துச் சுடும்போது முன்நுனியைத் தாங்காமல், தோட்டாப் பெட்டி இருக்கும் இடத்துக்குக் கிட்டத் தாங்கினால் குழலில் அது உரசாது. போல்றையும் 90 பாகை வரை தூக்க வேண்டும்; ஆகையால் கையுறையோடு இயக்கும்போது ஸ்கோப்பின் பின்பகுதியில் விரல் இடிக்கிறதா என்று கடையிலேயே பாரும். பாதுகாப்புப் பூட்டு பிடங்கின் மேற்புறத்தில் நடுவில் இருப்பதால் எந்தக் கைக்கும் எட்டும். வெறும் 'அக்ஸிஸ்' என்றிருப்பதை எடுக்காமல் 'II' என்று இருப்பதைக் கேட்டு வாங்கும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அக்யூட்றிகர் விசை அதில்தான் உண்டு.

கூடவரும் ஸ்கோப்பைப் பற்றி உமக்கு அதிக நம்பிக்கை இருப்பதாகத் தெரிகிறது. எனக்கு இல்லை. 3-9×40 என்றால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெருப்பிக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர் என்று பொருள். நாற்பதை ஒன்பதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் நாலரை மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆறு மடங்கில் வைத்தால் ஏறக்குறைய ஏழு. மான்கள் வெளியே வருவது மைம்மல் பொழுதில் என்பதால், பெருப்பத்துக்கு ஆசைப்படாமல் குறைத்து வைத்தால் உருவம் தெளியும். மலிவான கண்ணாடியின் குறை அந்த மங்கல் வெளிச்சத்தில்தான் தெரியவரும். ஆனால் ஸ்கோப்புக்கு இடக்கை வலக்கை கிடையாது. பிற்காலத்தில் நல்லதொன்றை எந்தக் கடையிலும் வாங்கி மாற்றலாம். போல்றை மாற்ற முடியாது. எனவே தொகுப்பை றைபிளுக்காக வாங்கும். ஸ்கோப்பை இனாமாக வந்ததென்று நினைத்துக்கொள்ளும்.

தொழிற்சாலையில் ஸ்கோப்பைப் பூட்டி நேர்பார்த்து அனுப்புகிறார்கள் என்று பட்டியலில் இருப்பதை, குறி அமைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மவுண்டின் ஆணிகள் ஒவ்வொன்றையும் சோதித்து அளவாக இறுக்கும். சூட்டுத் திடலில் முதலில் 25 யாரில் (கெஜத்தில்) சுட்டுப் பாரும். ஸ்கோப்பின் திருகைத் திருப்பும்போது கேட்கும் ஒரு கிளிக், குறியை 100 யாரில் கால் அங்குலம் நகர்த்தும். 25 யாரில் அதில் நாலிலொன்றுதான். அங்கே ஓர் அங்குலம் கீழே பட்டால் பதினாறு கிளிக் மேலே திருப்ப வேண்டும். அதன்பின் 100 யாருக்குப் போய், ஒரு சூட்டை வைத்துத் திருப்பாமல், மூன்று சூடுகள் விழுந்த இடத்தின் நடுவை எடுத்துத் திருப்பும். கண்ணைப் பின்கண்ணாடியோடு ஒட்டி வைக்காதேயும்; றைபிள் பின்னுதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

தோட்டா வகையில் இடக்கை வடிவங்களுக்குத் தெரிவு குறைவு. கடைக்காரர் கையில் இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார். 6.5 கிறீட்மூர் 2007-இல் வந்த புதியது, உதையும் மென்மையானது. என்றாலும் 1952-இலிருந்து புழக்கத்தில் உள்ள .308 வின்செஸ்ரரையே நான் சொல்வேன்; எந்தச் சிற்றூர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், மானுக்கு 150 கிறெயின் எடைக் குண்டும், என்றைக்காவது மூஸ் எனும் பெருமான் வேட்டைக்குப் போனால் 180 கிறெயின் குண்டும் என்று ஒரே றைபிளில் இரண்டும் முடியும்.

ஒன்று மட்டும் உமது கடிதத்தில் இல்லை: எந்தப் பகுதியில் வேட்டையாடப் போகிறீர்? தெற்கு ஒன்ராறியோவின் சில வேட்டை வலயங்களில் மானுக்கு றைபிளே அனுமதியில்லை. அம்மானுடையதைப் போன்ற சொட்கன், குழல்வாய் வழியே மருந்திடும் முன்வாய்த் துவக்கு, வில் ஆகியவைதான். உமது நண்பர்கள் உம்மை அழைத்துப்போகும் காணி அப்படிப்பட்ட வலயத்தில் இருந்தால், இத்தனை ஆராய்ச்சியும் வீணாகிப் பேசாமல் அம்மானுடையதைப் போன்ற ஒரு துவக்கைத்தான் நீர் வாங்க வேண்டியிருக்கும். மாகாண அரசின் வேட்டை விதிப் புத்தகத்தில் அந்த வலயத்தின் இலக்கத்தைப் பார்த்து எனக்கும் எழுதும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லும்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்