மழை மேல பழி போடாதீங்க, ஜாயிண்ட்டைத் திறந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரெண்டு நாள் மழை பேஞ்சா போதும், மழையால பூமிக்கடி கேபிள் வெடிச்சுது, கரண்ட் இல்லன்னு நம்ம பேப்பர்ல நியூஸ் வந்துடுது. நான் 19 வருஷமா 11 கேவி (11,000 வோல்ட்), 33 கேவி கேபிளோட ரெண்டு முனையை இணைக்கிற ஜாயிண்ட் போடுறவன் சார், குழியில இறங்கி நான் வெட்டி எடுத்த ஃபால்ட்ல பெரும்பாலானது கேபிள்ல இல்ல, ஜாயிண்ட்லதான், அதுலயும் ஒரு இன்சுலேஷன் முடிஞ்சு இன்னொரு இன்சுலேஷன் அது மேல உக்கார்ற இடத்துல. மழை கடைசியா வந்து தள்ளி விடுது, அவ்வளவுதான். அடி விழுந்தது ஜாயிண்ட் போட்ட அன்னிக்கே.

கொஞ்சம் விவரமா சொல்றேன். 11 கேவி கேபிள்ல ஒரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 6.35 கேவி இருக்கு, அதைத் தாங்குறது சுமார் மூணரை மில்லிமீட்டர் எக்ஸ்எல்பிஇ, அதாவது கண்டக்டரைச் சுத்தி இருக்குற பிளாஸ்டிக் இன்சுலேஷன். கணக்குப் போட்டா ஒரு மில்லிமீட்டருக்கு 1.8 கேவி கிட்ட வருது. எக்ஸ்எல்பிஇக்கு இது ஒரு பாரமே கிடையாது, மில்லிமீட்டருக்கு 20 கேவிக்கு மேலயே தாங்கும். இப்ப அந்த எக்ஸ்எல்பிஇக்கும் ஜாயிண்ட்ல அது மேல குழாய் மாதிரி போட்ட ஸ்லீவுக்கும் நடுவுல தாள் மாதிரி மெல்லிசா காத்து மாட்டிக்கிச்சுன்னு வைங்க, காத்தோட பெர்மிட்டிவிட்டி 1, எக்ஸ்எல்பிஇக்கு 2.3, பிளஸ் டூ புக்ல இதை விடுதிறன்னு போட்டிருப்பாங்க. ரெண்டு பொருள் சேர்ற இடத்தைக் குறுக்கே தாண்டுற ஃபீல்டு (மின்புலம், அதாவது மில்லிமீட்டருக்கு எத்தனை கேவிங்குற கணக்கு) எது பெர்மிட்டிவிட்டி கம்மியோ அதுலதான் கூடும், அதாவது காத்துல 2.3 மடங்கு, மில்லிமீட்டருக்கு 4 கேவி கிட்ட போயிடுது. காத்து தாங்குறதோ 3 கேவி சொச்சம். ரெண்டு பேரு மூட்டை தூக்குறப்ப நோஞ்சான் தோள்லயே பாரம் இறங்குற கதைதான் இது. உருண்டையா ஒரு குமிழ் இருந்தா 1.2 மடங்கோட போயிடும், தட்டையான இடுக்குதான் ஆபத்து. எக்ஸ்எல்பிஇ மேல செமிகான்னு கார்பன் கலந்த ஒரு உறை இருக்கும், அதை வெட்டி நிறுத்துற ஓரத்துல ஃபீல்டு மொத்தமும் குவியுறதால அங்க இந்தக் கணக்கை விட இன்னும் ஏறும்.

உடனே வெடிச்சிடாது சார். அந்த இடுக்குல மட்டும் சின்னதா பொறி விழும், ஒவ்வொரு சைக்கிள்லயும் குறைஞ்சது ரெண்டு தடவை, 50 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 100, ஒரு நாளைக்கு 86 லட்சம் தடவை. ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே இருக்கும், இது மாசக்கணக்குலயும் போகும், வருஷக்கணக்குலயும் போகும்.

ஒரு தடவை அடிபட்ட ஜாயிண்ட் ஒண்ணைத் திறந்தேன். வெள்ளை எக்ஸ்எல்பிஇ மேல செமிகான் ஓரத்துல இருந்து கருப்பா மயிர் மாதிரி கோடு கிளை விட்டு ஓடியிருந்துச்சு, செடியைப் பிடுங்கினா வேர் தெரியுமே அதே மாதிரி. செமிகானைச் சுத்தி வெட்டின இடத்துல கத்தி உள்ள இறங்கி எக்ஸ்எல்பிஇயில கால் மில்லிமீட்டர் வெட்டு. அந்தப் பள்ளத்தை மூடத்தான் ஜாயிண்ட் கிட்ல பிசின் மாதிரி மஞ்சள் மாஸ்டிக் பட்டை குடுக்குறாங்க, அது அங்க இல்லவே இல்ல, சுத்தாமலே ஃபீல்டு ஒரே இடத்துல குவியாம பரப்பி விடுற ஸ்டிரஸ் கன்ட்ரோல் டியூபைப் போட்டு, அது சுருங்குறதுக்கு கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டியிருக்காங்க. போட்ட பையன் மேல எனக்குக் கோவம் வரல, ராத்திரி ஒரு மணிக்கு தூறல்ல செல்ஃபோன் லைட்ல, ஒண்ணரை மணி நேரத்துல லைனை சார்ஜ் பண்ணணும், அதாவது கரண்ட் விடணும்னு ஃபோன் மேல ஃபோன் போட்டா யார் போட்டாலும் அப்படித்தான் ஆகும். ஒழுங்கா போட்டா மூணு கோர் ஜாயிண்ட்டுக்கு மூணு நாலு மணி நேரம் வேணும். துடைக்கிறதுக்கே ஒரு முறை இருக்கு, கண்டக்டர் பக்கத்துல இருந்து செமிகான் பக்கமாத்தான் துணி போகணும், செமிகானைத் தொட்ட துணி திரும்ப எக்ஸ்எல்பிஇயைத் தொடக் கூடாது, ஏன்னா அந்தக் கார்பன் தூசி ஸ்லீவுக்கு அடியில படிஞ்சா நீளவாக்குல ஓடுற ஃபீல்டுக்கு அதுவே பாதை போட்டுக் குடுத்திடும். நீளவாக்குல ஃபீல்டு சேர்ற ரெண்டு பொருள்லயும் ஒரே அளவு, அதனால எது வீக்கோ அங்க பிச்சுக்கும்.

டெஸ்ட் பண்ணோமே, பாஸ் ஆச்சேன்னு கேப்பாங்க. இன்சுலேஷனோட ரெசிஸ்டன்ஸ் பாக்குற மெக்கர் மீட்டர்ல கிகா ஓம் காட்டும்தான், அந்த இடுக்கு அதுல தெரியவே தெரியாது. அதிக டிசி வோல்டேஜ் குடுத்துப் பாக்குற ஹைபாட் டெஸ்ட்டும் இதுக்கு உதவாது, டிசியில ஃபீல்டு பெர்மிட்டிவிட்டி கணக்குல பிரியாது, ரெசிஸ்டன்ஸ் கணக்குலதான் பிரியும், அதனால ஏசியில நோஞ்சானா இருக்குற இடம் டிசியில தெம்பா நிக்கும். பழைய எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு டிசி அடிச்சா உள்ள சார்ஜ் தங்கி கேபிளுக்கே கேடு. ரொம்ப மெதுவா மாறுற 0.1 ஹெர்ட்ஸ் ஏசி குடுக்குற விஎல்எஃப் டெஸ்ட்டும், அதோட பார்ஷியல் டிஸ்சார்ஜ், அதாவது இடுக்குல விழுற பொறியோட அளவும் எடுத்தாத்தான் அந்தப் பொறி மாட்டும்.

சென்னையில தெருத் தெருவா மேல போற லைனைக் கழட்டி பூமிக்கடியில போட்டுக்கிட்டு இருக்கோம், ஒவ்வொரு தெருவுலயும் ஜாயிண்ட் கூடிக்கிட்டே போகுது. அதனால உங்க ரிப்போர்ட்டர்கிட்ட ஒண்ணு கேக்குறேன், அடுத்த தடவை கேபிள் வெடிச்ச இடத்துக்குப் போனா இந்த ஜாயிண்ட் எப்ப போட்டது, எத்தனை மணி நேரத்துல போட்டது, சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி என்ன டெஸ்ட் எடுத்தீங்கன்னு இந்த மூணையும் கேட்டு அந்தப் பதிலையும் நியூஸோட சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு கேபிள் ஜாயிண்டர், சென்னை