ஆண்டறிக்கை: மெக்சிகோ பஸ் பயணம் எந்த மட்டில் இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சந்தா பாக்கி யாருடையது என்று அவரவருக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தையெல்லாம் தின்றது மெக்சிகோவில் ஸ்பானியர் காலத்து நகரங்களைப் பஸ்ஸில் சுற்றிப் பார்க்கும் திட்டம்தான்.

சென்ற பொதுக்குழுவில் ஆளுக்கொரு ஊர் சொன்னீர்கள். பூவெப்லா, ஒஹாகா, மொரேலியா, கெரெத்தாரோ, சான் மிகேல் தெ அயெந்தே, குவானஹுவாத்தோ, சகாத்தேகாஸ். எல்லாமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை, எதையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தை விரித்தால் ஒஹாகா தலைநகருக்குத் தெற்கே, சகாத்தேகாஸ் வடக்கே, இரண்டையும் சேர்த்தால் பாதிப் பயணம் பஸ் சீட்டிலேயே போய்விடும். அதனால் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தோம். அந்த நூல் வெள்ளி. 1546இல் சகாத்தேகாஸில் வெள்ளி கிடைத்தது, அதை மெக்சிகோ சிட்டிக்குக் கொண்டுவரப் பாதை போட்டார்கள், பாதைக்குக் காவலாகவும் தங்குமிடமாகவும் வழியில் ஊர்கள் வளர்ந்தன, பிறகு குவானஹுவாத்தோ மலைகளிலும் வெள்ளி கிடைக்க அதுவே பெரிய ஊராகிவிட்டது. அந்தப் பக்கத்தில் கெரெத்தாரோ, சான் மிகேல், குவானஹுவாத்தோ மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. இந்த மூன்று போதும் என்பது செயற்குழுவின் கருத்து. சகாத்தேகாஸை விட்டதில் எனக்கும் வருத்தம்தான், ஆனால் குவானஹுவாத்தோவிலிருந்து லெயோன் போய் பஸ் மாறி மேலும் நாலு மணி நேரம் என்றதும் கூட்டத்தில் பலர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அடுத்து, அதிகம் சண்டை நடந்த விஷயம்: தனி பஸ் எடுப்பதா, எல்லோரும் டிக்கெட் வாங்கி ஏறும் லைன் பஸ்ஸில் போவதா? தனி பஸ் என்றால் பெட்டியைத் தூக்க வேண்டாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் குவானஹுவாத்தோவின் பழைய நகரத்துக்குள் பெரிய பஸ்ஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஊர் ஒரு பள்ளத்தாக்கில் நெருக்கியடித்துக் கிடக்கிறது, கார்கள் பாதி நேரம் நிலத்தடிச் சுரங்கங்களில்தான் ஓடுகின்றன, அதில் ஒரு சுரங்கப் பாதை ஒரு காலத்தில் ஆறு ஓடிய தடம். மேலே படிக்கட்டுச் சந்துகள். நாம் வாடகை கட்டும் பஸ் ஊருக்கு வெளியே சும்மா நிற்கும், நாம் எப்படியும் டாக்சியில்தான் உள்ளே போவோம். அங்கே முதல் வகுப்பு லைன் பஸ்கள் நன்றாகவே இருக்கின்றன, உள்ளேயே கழிப்பறை உண்டு, பெட்டிக்குச் சீட்டு ஒட்டி வாங்கி வைக்கிறார்கள். மெக்சிகோ சிட்டியின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து கெரெத்தாரோவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம், அங்கிருந்து சான் மிகேலுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல், அடுத்து குவானஹுவாத்தோவுக்கு ஒன்றரை மணி. திரும்பும்போது தலைநகருக்கு நேர் பஸ்ஸே இருக்கிறது. லைன் பஸ் என்றே முடிவு.

என்ன பார்ப்போம் என்று கேட்டவர்களுக்கு: கெரெத்தாரோவில் 74 வளைவுகள் கொண்ட நீர்ப்பாலம் இருக்கிறது, 1738இல் கட்டி முடித்தது. மெக்சிகோவின் பேரரசராக இருந்த மாக்சிமிலியனை 1867இல் சுட்டுக் கொன்ற குன்றும் அங்கேதான். சான் மிகேலின் படங்களில் வரும் அந்த இளஞ்சிவப்புத் தேவாலய முகப்பு ஸ்பானியர் காலத்ததே அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கட்டியது, ஐரோப்பியத் தேவாலயங்களின் படங்களைப் பார்த்தே கட்டினார் என்கிறார்கள். எனக்கு அதனாலேயே அது பிடித்துவிட்டது. குவானஹுவாத்தோவில் தவறவிடக்கூடாதது அல்ஹோந்திகா என்னும் பழைய தானியக் கிடங்கு. 1810 செப்டம்பரில் விடுதலைப் போராளிகள் அதைப் பிடித்தார்கள். மறு ஆண்டே, விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் இதால்கோ உட்பட நான்கு தலைவர்களின் தலைகளைக் கொய்து அதன் நான்கு மூலைகளிலும் ஸ்பானியர்கள் தொங்கவிட்டார்கள், 1821 வரை அவை அங்கேயே இருந்தன. சான் மிகேலுக்கும் குவானஹுவாத்தோவுக்கும் நடுவே, இதால்கோ மணியடித்து மக்களைத் திரட்டிய தோலோரேஸ் ஊரில் இறங்க நேரம் கிடைத்தால் நல்லது.

காலம் நவம்பர் பிற்பகுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அக்டோபரில் குவானஹுவாத்தோவில் செர்வாந்தினோ கலைவிழா நடப்பதால் அறை கிடைப்பது பெரும்பாடு, நவம்பரின் முதல் இரண்டு நாளும் இறந்தோர் திருநாள் கூட்டம். அதெல்லாம் ஓய்ந்த பிறகு போகலாம். ஊர்கள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 1,800 முதல் 2,000 மீட்டர் உயரம், இரவில் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம். முட்டி வலிக்காரர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், கல் பாவிய தெருக்களும் ஏற்றமும் அதிகம்.

சைவச் சாப்பாடு பற்றித்தான் அதிகம் தொலைபேசினீர்கள். பட்டினி கிடக்க மாட்டோம். ஆனால் பீன்ஸ் மசியலைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் உண்டு, சோற்றைக் கோழி ரசத்தில் வேகவைப்பதும் உண்டு, பார்வைக்குச் சைவம் போலவே இருக்கும். கேட்டு வாங்க வேண்டும். அதற்கான ஸ்பானிய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்துவிடுவோம். பூசணிப்பூவும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்த ரொட்டியான கேசடியா, கள்ளிமடல் பொரியல் மாதிரி ஒன்று, இவை இரண்டும் தாராளமாகக் கிடைக்கும்.

விசா: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. இல்லாதவர்கள் பொதுவாக மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம் அமெரிக்கா வழியாகப் போகாத விமானமாகவும் பார்க்க வேண்டும். டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தில் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறுவது சகஜம்.

பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: மூன்று ஊர்தானா, லைன் பஸ்தானா. நாலாவது ஊர் வேண்டும் என்பவர்கள் எந்த ஊரில் எத்தனை இரவைக் குறைப்பது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்புதல் கிடைத்ததும் பெயர்ப் பட்டியலும் முன்பணமும் பொருளாளரிடம்.